எண்ணாலும் எழுத்தாலும்



இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடிப்பெருக்கு கழிந்த மறுநாள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேதாரண்யம் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "யார்கிட்டயாவது குழியடிச்சான் விதைநெல் இருக்கா? ரெண்டு ஏக்கருக்கு வேணும். நிலம் உப்பேறிக் கிடக்கு."

குழுவில் அப்போது 240 பேர் இருந்தோம். மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். இரண்டு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் "நல்ல ரகம் ஐயா" என்று எழுதினார். அதற்குள் யாரோ ஒரு காலை வணக்கப் படத்தைப் போட, அதன் கீழே இருபது பூங்கொத்து. கேள்வி மேலே போய் மறைந்துவிட்டது.

நண்பர் ஒரு வாரம் காத்திருந்தார். அப்புறம் கிடைத்த நெல்லை வாங்கி விதைத்தார். அந்த வருஷம் மழை ஏமாற்ற, மண்ணில் உப்பு மேலே ஏறிப் பயிர் நுனியிலிருந்து கருகியது. இரண்டு ஏக்கரும் போச்சு.

தை மாசம் ஒரு கல்யாண வீட்டில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "குழியடிச்சான் நாலு மூட்டை வச்சிருக்கேன் சார், கேட்பாரில்லை." அவரும் அதே குழுவில் இருப்பவர். கேட்ட நண்பருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பவர். "அப்ப ஏன் பதில் சொல்லலை?" என்றேன். "காலை வணக்கம் தொல்லை தாங்காம சத்தத்தை நிறுத்தி வச்சிட்டேன் சார். குழுவைத் திறந்து பார்த்தே ஆறு மாசம் இருக்கும்."

அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. விதை இருந்தது, தேவை இருந்தது, இரண்டு பேர் கையிலும் போன் இருந்தது, இரண்டு பேரும் ஒரே குழுவில் இருந்தார்கள். இருந்தும் விதை போய்ச் சேரவில்லை.

இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். சமூக ஊடகம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். நம் கையில் இருக்கிற கருவியை நாம் சரியாகப் பிடிக்கவில்லை என்பதுதான் என் வாதம். அரிவாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அறுப்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நான் யார் என்று ஒரு வரி

34 வருஷம் வங்கியில் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு மன்னார்குடிக்குப் பக்கத்தில் அப்பாவின் நாலு ஏக்கரைக் கையில் எடுத்தேன். எங்கள் ஊர்க் கணக்கில் பன்னிரண்டு மா. முதல் இரண்டு வருஷம் விளைந்ததைவிடக் கற்றுக்கொண்டதுதான் அதிகம். இப்போது சம்பாவில் தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும், கொல்லையில் காய்கறியும் போகிறது.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வங்கிக்குள் கம்ப்யூட்டர் வந்தபோது எதிர்த்துக் கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். வேலை போய்விடும் என்று பயந்தோம். பிற்பாடு அதே கம்ப்யூட்டரில்தான் பாதி வாழ்நாளை ஓட்டினேன். அதனால் "இந்த போனெல்லாம் நமக்கு எதுக்கு" என்று கேட்கிற மூத்த விவசாயிகளை நான் கேலி செய்ய மாட்டேன். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

ஒரு சைபர் செய்த வேலை

விதை கிடைக்காமல் போனது ஒரு நஷ்டம். தப்பான செய்தி கிடைத்து வந்தது இன்னொரு நஷ்டம். அது எனக்கே நடந்தது.

மீன் அமிலம் தெளிக்கும் அளவு நம்மில் பலருக்கும் மனப்பாடம். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி. இளஞ்செடிக்கு அதில் பாதி போதும். அப்போது நான் புதுசு. குழுவில் வந்த செய்தியில் "டேங்குக்கு 1000 மில்லி" என்று இருந்தது. கீழே "அனைவருக்கும் பகிரவும், இயற்கை விவசாயம் காப்போம்" என்று பச்சை இலைப் படங்கள் வேறு. நம்பித் தெளித்தேன். மூன்றாம் நாள் கத்தரிச் செடியில் இலை ஓரமெல்லாம் கருகி நின்றது. முந்நூறு செடி.

எழுதியவரைத் தேடினேன். அனுப்பியவரைக் கேட்டால் "எனக்கு வேற குரூப்ல வந்துச்சு" என்றார். அந்த வேற குரூப்காரர் இன்னொரு குரூப்பைக் காட்டினார். முதலில் எழுதியவர் 100 என்றுதான் எழுதியிருப்பார். நடுவில் எவரோ திரும்ப அடிக்கும்போது ஒரு சைபர் கூடுதலாக விழுந்திருக்கும். அதை ஊரெல்லாம் அனுப்பியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார்கள். நானும் அதற்கு முன்னால் எத்தனையோ அப்படி அனுப்பியிருக்கிறேன். யார் தோட்டத்தில் என்ன கருகியதோ தெரியாது.

வங்கியில் ஒரு காசோலை வந்தால் என்ன பார்ப்போம்? தேதி இருக்கிறதா? தொகை எண்ணாலும் எழுத்தாலும் ஒன்றாக இருக்கிறதா? கையெழுத்து இருக்கிறதா? இதில் ஒன்று குறைந்தாலும் பணம் தர மாட்டோம். எண்ணால் எழுதியதையே எழுத்தாலும் எழுதச் சொல்வது எதற்கு? ஒரு சைபர் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிக்கத்தான். ஐந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு கவனம் எடுத்த நான், என் வயலில் தெளிக்கப்போகிற ஒரு கரைசலுக்கு எதையும் பார்க்கவில்லை. தேதி இல்லை, ஊர் இல்லை, பெயர் இல்லை. கையெழுத்தில்லாத காசோலையை வாங்கிப் பணம் கொடுத்துவிட்டேன்.

வங்கியில் இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கிருந்து வந்தது என்று தெரியாத தொகை வந்தால் அதை யார் கணக்கிலும் வரவு வைக்க மாட்டோம். அனாமத்துக் கணக்கில் போட்டு வைத்து, மூலம் தெரிந்த பிறகுதான் உரியவர் கணக்குக்கு மாற்றுவோம். பெயரில்லாத செய்தியையும் அப்படித்தான் வைக்க வேண்டும். மூலம் தெரிகிற வரைக்கும் அடுத்தவருக்குக் கைமாற்றக் கூடாது.

வாட்ஸ்அப்பே இதற்கு ஒரு அடையாளம் வைத்திருக்கிறது. பல கை மாறி வந்த செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கும். அதை ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்கு மேல் அனுப்ப விடாது. வதந்தியால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட 2018க்குப் பிறகு கொண்டுவந்த கட்டுப்பாடுகளில் இதுவும் ஒன்று. ஆனால் அதே செய்தியை நகலெடுத்து ஒட்டினால் அம்புக்குறி போய்விடும். அப்போது அது புதுச் செய்தி மாதிரித் தெரியும். அதனால் அம்பு இல்லை என்பதற்காக நம்பிவிட வேண்டாம்.

பகிர்தலுக்கு நம்மிடமே ஒரு இலக்கணம் இருக்கிறது

நெல் ஜெயராமன் அவர்கள் திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தியதை இந்த இதழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் வரிசையில் நின்று விதை வாங்கியவர்கள். 2018 டிசம்பரில் அவர் போய்விட்டார். அவர் வைத்த விதி நிற்கிறது: இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர், அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும்.

அந்த விதியை யோசித்துப் பாருங்கள். வாங்கியவர் விதைக்க வேண்டும். விளைய வைக்க வேண்டும். கலப்பில்லாமல் எடுத்து வைக்க வேண்டும். வந்து கொடுக்க வேண்டும். வாங்கிய கையோடு அடுத்தவரிடம் தள்ளிவிட்டால் அது பகிர்தல் ஆகாது. தன் மண்ணில் போட்டுப் பார்த்துத் திருப்பித் தந்தால்தான் பகிர்தல்.

விதைக்கு இவ்வளவு நல்ல விதி வைத்திருக்கிற நாம், செய்திக்கு எந்த விதியும் வைக்கவில்லை. வந்ததை அப்படியே தள்ளிவிடுகிறோம். ஒரு முறையை எடுத்துச் செய்து பார்த்தவர், "இத்தனாம் தேதி செய்தேன், இப்படி ஆச்சு" என்று திரும்ப வந்து சொல்கிறாரா? நூற்றில் ஒருவர் சொன்னால் அதிகம். சரியாக வந்தால் சொல்ல நேரமில்லை, தப்பாகப் போனால் சொல்ல வெட்கம். கத்தரி கருகியதை நானே ஒரு வருஷம் கழித்துத்தான் குழுவில் சொன்னேன். சொன்னதும் நாலு பேர் தனியாகக் கூப்பிட்டார்கள்: "சார், எனக்கும் அப்படித்தான் ஆச்சு." முதல் ஆள் உடனே சொல்லியிருந்தால் மற்ற நாலு தோட்டமும் தப்பியிருக்கும்.

நாங்கள் செய்து பார்த்தவை

கல்யாண வீட்டுக் கதைக்குப் பிறகு எங்கள் குழுவில் ஆறேழு பேர் உட்கார்ந்து பேசினோம். எல்லாவற்றுக்கும் ஒரே குழு என்பதுதான் முதல் தப்பு என்று புரிந்தது. சந்தையும் நூலகமும் டீக்கடையும் ஒரே அறையில் நடந்தால் யாருக்கு என்ன கேட்கும்?

முதலில் விதைப் பேரேடு. கூகுள் ஷீட் என்கிற இலவச வசதியில் ஒரு அட்டவணை போட்டோம். ரகம், வைத்திருப்பவர், ஊர், எத்தனை கிலோ, எந்த வருஷ அறுப்பு, யார் வாங்கிப் போனார், திருப்பித் தந்தாரா. ஒரே தாளை எல்லோரும் அவரவர் போனில் பார்க்கலாம். ரகத்தின் பெயரை அடித்துத் தேடினால் உடனே வந்துவிடும். குழுவில் குரல் பதிவாகப் போட்டதைத் தேட முடியாது, படத்தில் எழுதியதையும் தேட முடியாது. தாளில் எழுத்தாக இருந்தால் தேடலாம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்தில்தான் இரண்டு ஏக்கர் போனது.

உடனே ஒரு கூத்தும் நடந்தது. தாளை எல்லோரும் திருத்தலாம் என்று திறந்து விட்டிருந்தோம். ஒரு தம்பி ரகங்களை அகர வரிசையில் அடுக்கலாம் என்று நினைத்து அந்த ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்திவிட்டார். ரகம் இடம் மாறியது, பெயரும் ஊரும் இருந்த இடத்திலேயே இருந்தன. கருப்புக் கவுனி வைத்திருந்தவர் பெயருக்கு நேரே கிச்சிலிச் சம்பா. பதறிப் போனோம். நல்லவேளையாக அந்தத் தாளுக்குள்ளேயே பழைய நிலைகள் எல்லாம் சேமிப்பில் இருக்கும். நேற்றைய நிலைக்குத் திருப்பினோம். அன்றிலிருந்து திருத்தும் உரிமை மூன்று பேருக்கு மட்டும், மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும். விவரம் தர விரும்புகிறவர்களுக்கு ஒரு கூகுள் படிவம். அதில் நிரப்பினால் தானாக ஒரு தாளில் வந்து விழும். வாரம் ஒரு நாள் அதைச் சரிபார்த்துப் பேரேட்டில் ஏற்றுகிறோம். வங்கியில் ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்ப்போமே, அதே முறைதான்.

இரண்டாவது, முறைகளுக்கு ஒரு தனி இடம். டெலிகிராமில் ஒரு குழு வைத்தோம். அதில் புதிதாகச் சேர்கிறவரும் பழைய பதிவுகளைப் பார்க்கும்படி வைக்கலாம், பெரிய காணொளிகளையும் அப்படியே போடலாம். அங்கே அரட்டைக்கும் வணக்கத்துக்கும் இடமில்லை. எந்தக் கரைசல் அளவானாலும் எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும்: "10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி, அதாவது முந்நூறு மில்லி பஞ்சகவ்யம்." கீழே பெயர், ஊர், பயிர், தேதி. இவை இல்லாத பதிவை எடுத்துவிடுவோம். முதல் மாசம் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஒருவர் பிறகு திரும்பி வந்தார்.

மூன்றாவது, பூச்சி அடையாளம். இதில் எனக்குக் கிடைத்தது பெரிய பாடம். தட்டைப்பயறு கொடியில் கறுப்பாக, ஆரஞ்சு புள்ளியோடு, முதலைக் குட்டி மாதிரி ஒரு புழு. ஒன்றல்ல, ஐம்பது அறுபது. பார்க்கவே அருவருப்பு. வேப்பங்கொட்டைக் கரைசலைத் தயார் செய்துவிட்டேன். தெளிக்கிறதுக்கு முன்னால் கல்லூரியில் படிக்கிற அண்ணன் மகள் "சித்தப்பா, கொஞ்சம் இருங்க" என்று படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலியில் ஏற்றினாள். அதில் செடி, பூச்சி, பறவைகளைப் படமெடுத்துப் போட்டால், விவரம் தெரிந்தவர்கள் பார்த்துப் பெயர் சொல்வார்கள். மறுநாள் பதில் வந்தது: பொறிவண்டின் இளம்புழு. அசுவினியைத் தின்று நம் கொடியைக் காக்கிற பிள்ளை அது. நான் கொல்லப் பார்த்தது என் காவல்காரனை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. நோயைப் படமெடுத்தால் மருந்து சொல்லும் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவை சொல்லும் பெயர் சில நேரம் சரியாக இருக்கும். சொல்லும் மருந்து பல நேரம் ரசாயனமாக இருக்கும். பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வைத்தியத்தை நம் அனுபவக்காரர்களிடம் கேளுங்கள்.

நாலாவது, சான்று. பங்கேற்பு உத்தரவாத முறையில் அருகருகே இருக்கிற விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்கிறோம் அல்லவா? அப்படிப் போகும்போது எடுக்கிற படங்களைத் தேதியோடு, வயல் வாரியாக ஒரு பொதுக் கோப்பில் சேர்த்து வைக்கிறோம். கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம். படங்களைச் சிறிதாக்கிப் போட்டால் பல வருஷத்துக்கு வரும். நம்மிடம் அரிசி வாங்குகிற குடும்பம் "நிஜமாவே மருந்தடிக்கலையா?" என்று கேட்டால், வார்த்தையால் சத்தியம் செய்ய வேண்டாம். நாற்றங்காலிலிருந்து அறுப்பு வரைக்கும் எடுத்த படங்களைக் காட்டினால் போதும்.

எழுதத் தெரியாதவர்கள் எங்கே?

இவ்வளவும் செய்த பிறகு ஒரு நாள் பேரேட்டைப் பார்த்தபோது உறைத்தது. அதில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. எங்கள் ஊரில் கொத்தவரை, பீர்க்கு, சுரை, அவரை விதை வேண்டுமென்றால் யார் வீட்டுக்குப் போவோம்? சாம்பலில் புரட்டி, சுரைக் குடுக்கையில் போட்டு, அடுப்புப் பரணில் கட்டித் தொங்கவிட்டிருக்கிற அக்கா வீட்டுக்குத்தானே? விதை அவர்கள் கையில் இருக்கிறது, போன் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருக்கிறது.

போய்க் கேட்டேன். "எனக்கு எழுத வராதுங்க தம்பி" என்றார். என் போனை அவர் முன்னால் வைத்து, விசைப்பலகையில் இருக்கிற மைக் படத்தைத் தொட்டு, "சும்மா பேசுங்கக்கா" என்றேன். பேசப் பேசத் தமிழ் எழுத்தாக விழுந்தது. நாலு தப்பு இருந்தது, திருத்திக்கொண்டேன். இருபது நிமிஷத்தில் பதினோரு விதை. எந்தப் பட்டத்தில் ஊன்ற வேண்டும், எத்தனையாவது காயை விதைக்கு விட வேண்டும், எது காய்ப்புழுவுக்குத் தாங்கும் என்று புத்தகத்தில் இல்லாததையெல்லாம் சொன்னார். இப்போது பேரேட்டில் அவர் பெயரில்தான் வரிகள் அதிகம். வீட்டுக்காரரின் பெயரில் போடலாமே என்று ஒருவர் சொன்னார். கணக்கு யாருடையதோ அவர் பெயரில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கருவிகளிலேயே பெரியது எது என்று என்னைக் கேட்டால் அந்த மைக் படத்தைத்தான் சொல்வேன். நம் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு போகிற அறிவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஊருக்கு ஒரு இளைஞர், மாசம் ஒரு பெரியவர் என்று உட்கார்ந்து பதிவு செய்தால் போதும்.

பணம் வருகிற இடத்தில் திருடனும் வருவான்

பழைய தொழில் பாசத்தில் இதையும் சொல்கிறேன். நேரடி விற்பனைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் நல்ல கருவி, இலவசம். பொருட்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம். நான் ஏறத்தாழ அறுபது குடும்பங்களுக்கு அப்படித்தான் அரிசி அனுப்புகிறேன். ஆனால் நம் எண் வெளியே போனால் அதைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் அரிசி வாங்க வருகிறவர்கள் இல்லை.

"மொத்தமா நூறு கிலோ வேணும், முன்பணம் அனுப்புறேன், உங்க பின் நம்பரை அடிங்க" என்று சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். யூபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். அடுத்தது, உழவர் உதவித் தொகை, மானியம் என்ற பெயரில் ஏபிகே என்று முடியும் கோப்பு குழுக்களில் வருகிறது. அதைத் திறந்து போனில் ஏற்றினால் உங்களுக்கு வரும் ரகசிய எண்ணையெல்லாம் அவன் படிப்பான். எந்த அரசுத் திட்டமும் வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்பிப் பணம் தராது. உழவன் செயலியானாலும் எதுவானாலும் பிளே ஸ்டோரில் போய் எடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசி, அப்புறம் வங்கிக்கு ஓடுங்கள். பணம் கை மாறுவதற்குள் நிறுத்த முடியும். நேரம்தான் முக்கியம்.

இதே காரணத்துக்காக எங்கள் விதைப் பேரேட்டில் போன் எண் போடுவதில்லை. பெயரும் ஊரும் மட்டும். எண் வேண்டுமானால் பொறுப்பாளரைக் கேட்க வேண்டும்.

எதிர்த்துக் கேட்பவர்களுக்கு

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், எனக்கு அண்டை கட்டச் சொல்லித் தந்தவர், இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போன்ல விவசாயம் பண்றவன் வயல்ல பண்ண மாட்டான் தம்பி." அதில் உண்மை இருக்கிறது. மடையை அடைக்கப் போனவன் போனைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து, தண்ணீர் அடுத்த வயலுக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஆள் வேறு யாருமில்லை, நான்தான். இப்போது காலையில் வயலுக்குப் போகும்போது போனைச் சட்டைப் பையிலேயே விட்டுவிடுகிறேன். இரவு எட்டிலிருந்து ஒன்பது வரைக்கும்தான் குழு வேலை.

இன்னொரு கேள்வி இன்னும் கனமானது. "கம்பெனி விதையை வேண்டாம்னு சொல்ற நாம, நம்ம அறிவை மட்டும் கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல வைக்கலாமா?" ஒரு இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. நாளைக்கு அவர்கள் காசு கேட்கலாம், வசதியை நிறுத்தலாம். கணக்கைத் திறந்தவர் கடவுச்சொல்லை மறந்தாலும் போச்சு.

அதற்கு என் பதில்: அவர்கள் இடத்தை வாடகை வீடு மாதிரி பயன்படுத்துவோம், பத்திரம் நம் வீட்டில் இருக்கட்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது நமக்கு மறக்குமா? மின்சாரம் இல்லை, டவர் இல்லை. பல ஊர்களில் அது எத்தனையோ நாள் நீடித்தது. அன்றைக்கு எந்த ஷீட்டும் எவருக்கும் உதவியிருக்காது. அதனால் வருஷத்தில் இரண்டு தடவை, ஆடியிலும் தையிலும், எங்கள் பேரேட்டை அச்செடுத்துத் தைத்து மூன்று வீட்டில் வைக்கிறோம். தெற்கே ஒரு வீடு, வடக்கே ஒரு வீடு, மேட்டில் ஒரு வீடு. அச்செடுக்க ஆகிற செலவு ஒரு வேளை டீச் செலவுதான்.

வருகிற ஆடிக்குள் மூன்று காரியம்

நம் இயக்கத்தில் ஊருக்கு ஊர் குழு இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் வருகிற ஆடிக்குள் மூன்று காரியம் செய்தால் போதும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, யாரிடம் என்ன விதை இருக்கிறது என்று தேடினால் கிடைக்கிற மாதிரி ஒரு தாள். கம்ப்யூட்டர் தெரிந்தவர் இல்லையென்றால் நாற்பது பக்க நோட்டில் ஆரம்பியுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு, பெயர், ஊர், தேதி இல்லாத எந்த முறையையும் அடுத்தவருக்கு அனுப்புவதில்லை என்ற உறுதி. அளவை எண்ணாலும் எழுத்தாலும் எழுதும் பழக்கம். காலை வணக்கம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கு நேரில் சொல்லுங்கள், மகிழ்ந்து போவார்.

மூன்று, எடுத்தவர் திருப்பித் தர வேண்டும். ஒரு முறையைக் குழுவிலிருந்து எடுத்துச் செய்தவர், நன்றாக வந்தாலும் கெட்டுப் போனாலும் அறுப்புக்குப் பிறகு இரண்டு வரி எழுத வேண்டும். எழுத வராதவர் பேசட்டும். கெட்டுப் போனதைச் சொல்கிறவருக்குக் குழுவில் முதல் மரியாதை கொடுப்போம். இன்னொருவர் தோட்டத்தைக் காப்பாற்றுகிறவர் அவர்தான்.

கடைசியாக, ஆரம்பித்த கதையை முடிக்கிறேன். வேதாரண்யம் பக்கத்து நண்பர் அடுத்த ஆவணியில் பேரேட்டைப் பார்த்துக் குழியடிச்சான் முப்பது கிலோ வாங்கிப் போனார். உப்பு அவர் நிலத்தை விட்டுப் போய்விடவில்லை. பயிர் அதைத் தாங்கி நின்றது. மகசூல் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், வீட்டுக்கும் விதைக்கும் வந்தது, கொஞ்சம் விற்கவும் வந்தது. இந்தத் தையில் ஒரு சின்ன டெம்போவில் அறுபது கிலோ விதைநெல்லோடு வந்து இறங்கினார். கொடுத்தவர் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சார், ஏட்டுல வரவு வச்சிடுங்க."

வைத்தேன். 60 கிலோ. அறுபது கிலோ.